பலகை ஓரத்து மூன்று சொற்கள்

அத்தியாயம் 7

செத்துப்போனவள் கையெழுத்துப் போடுகிறாள் என்றால் அது பேய்க்கதை. அதையும் லத்தீனில் போடுகிறாள் என்றால் அது இன்சூரன்ஸின் மேசைக்கு வருகிற கேஸ்.

இன்சூரன்ஸ் என்பது அவருடைய பெயரல்ல. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இறந்தவர்களின் கோரிக்கைகளை விசாரித்துக் காலம் தள்ளியவர். இறந்ததாகச் சொல்லப்பட்ட சிலரை உயிரோடு, அதுவும் சவரம் செய்துகொண்டிருக்கும்போது பிடித்தவர். வேலையை விட்டுத் தனியாகத் துப்பறிய ஆரம்பித்து வெகுநாளாகியும் பட்டப்பெயர் மட்டும் ராஜினாமா செய்யவில்லை. அவருடைய உதவியாளர் ரேடியோ. அவளுக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்று, அவளோடு ஒரு டீ குடித்து முடித்தவர்கள் யாரும் கேட்டதில்லை.

இருவரும் இப்போது ஒரு சைக்கிள் ரிப்பேர் கடையின் முன்னால் குந்தியிருந்தார்கள். கடையின் பக்கவாட்டுப் பலகையில், முழங்கை உயரத்தில், மூன்று சின்னச் சொற்கள் நீலத்தில் எழுதப்பட்டிருந்தன. டும் ஸ்பீரோ ஸ்பேரோ.

“டும்னு தொடங்குது. ஏதோ தண்டோரா போடப் போறாங்கன்னு நினைச்சேன் பாஸ்,” என்றாள் ரேடியோ. “கடைக்காரர் நம்மள ஒரு மாதிரி பாக்கறாரு. சைக்கிளும் இல்லாம, பஞ்சரும் ஆகாம ரெண்டு பேர் உக்காந்திருந்தா பாக்கத்தானே செய்வாரு.”

இந்த மூன்று சொற்களை அவர்களிடம் கொண்டுவந்தவன் ஒரு இளைஞன். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கிற டெக்னீஷியன். அவன் நாற்காலியில் உட்காரும் முன்பே ரேடியோ அவனுக்கு எக்ஸ்ரே என்று பெயர் வைத்துவிட்டாள். அவன் சொன்னது கொஞ்சம். மனைவி போர்டு எழுதுகிறவள். கடைப் பலகை, லாரியின் நெற்றி, படகின் பெயர், எதுவானாலும் எழுதுவாள். போன மழைக்காலத்தில் அக்கரையில் ஒரு படகுக்குப் பெயர் எழுதப் பெயிண்ட் டப்பாக்களோடு லாஞ்சில் போனாள். லாஞ்சு கவிழ்ந்தது. கூடப் போனவர்களின் உடல்கள் ஒவ்வொன்றாகக் கரை ஒதுங்கின. அவளுடையது ஒதுங்கவில்லை.

எழுதிய ஒவ்வொரு பலகையின் ஓரத்திலும் தன் பெயருக்குப் பதிலாக இந்த மூன்று சொற்களைத்தான் அவள் போடுவாள். இப்போது அவை ஊருக்குள் புதிதாக முளைக்கின்றன. தொட்டால் விரலில் ஒட்டுகிற ஈரத்தோடு.

“அவ உயிரோட இருக்கா சார். கண்டுபிடிச்சுக் கொடுங்க,” என்று முடித்தான். அந்தக் குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. யாரோ எழுதிக்கொடுத்த மருந்துச் சீட்டைப் படிக்கிற மாதிரி இருந்தது. அதிர்ச்சி மனிதர்களை அப்படி ஆக்கும் என்று இன்சூரன்ஸ் அப்போது நினைத்துக்கொண்டார்.

சைக்கிள் கடைக்காரரிடம் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. அவருடைய பலகையை எழுதியது வேறொரு ஆள். அப்போது இந்தச் சொற்கள் கிடையாது. ஒரு மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இருந்தன. ஏதோ வெளிநாட்டுக் கம்பெனியின் பெயர் போலக் கௌரவமாக இருந்ததால் அழிக்காமல் விட்டுவிட்டார். வாடிக்கையாளர்கள் கேட்டால் டயர் கம்பெனி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இன்சூரன்ஸ் பையிலிருந்து ஒரு பட்டர் பேப்பரை எடுத்தார். சொற்களின் மேல் வைத்துப் பென்சிலால் ஓரம் பிடித்து வரைந்தார். பிறகு ஸ்கூட்டரில் ஏறி, அடுத்த தெருவில் மாவு மில்லின் பக்கப் பலகையில் இருந்த மூன்று சொற்களின் மேல் அதை வைத்தார். மயிரிழை பிசகாமல் பொருந்தியது. பேக்கரியின் வாசலில் தரையில் நிறுத்தியிருந்த பலகையிலும், எக்ஸ்ரே சொல்லியிருந்த மற்ற இரண்டு பலகைகளிலும் அப்படியே.

“பிரமாதம். எல்லாம் ஒரே கை,” என்றாள் ரேடியோ.

“அதனாலதான் இது கையே இல்லைங்கறேன்.”

அவர் விளக்கினார். இன்சூரன்ஸ் கம்பெனியில் முதலில் கற்றுக்கொடுக்கும் பாடம் அது. ஒரே மனிதர் போடும் இரண்டு கையெழுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் இரண்டும் உண்மை. அச்சு அசலாக இருந்தால் ஏதோ ஒன்றைப் பார்த்து ஒற்றியிருக்கிறார்கள். மனிதக் கைக்குத் தன்னைத் தானே காப்பியடிக்கத் தெரியாது.

ரேடியோ அந்த நீல எழுத்துகளைப் பார்த்தாள். “அப்படின்னா அந்தப் பொண்ணு…”

“அவசரப்படாதே. அவங்களே ஒரு அச்சு வெட்டி வெச்சுக்கிட்டும் எழுதலாம். இல்லை, இது வேற யாரோ எழுதற வேற எதுவோவா இருக்கலாம். முதல்ல இந்த மூணு வார்த்தை எவ்வளவு பேர் கிட்ட இருக்குன்னு தெரியணும். அவசரப்பட்டு வாயைத் திறந்தா அந்தப் பையன் ரெண்டாவது தடவையும் பொண்டாட்டியைப் பறிகொடுப்பான்.”

*

கேடயங்களும் கோப்பைகளும் விற்கிற கடை அது. பள்ளி விளையாட்டு விழாவுக்கு, சங்கத்து ஆண்டு விழாவுக்கு, ஓய்வு பெறுகிறவர்களின் பிரிவு உபசாரத்துக்கு, எல்லாவற்றுக்கும் இங்கேதான் பித்தளையில் எழுத்து வெட்டுவார்கள். முதலாளி பாதிரியார் படிப்பைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர். கடவுள் கைவிட்டாலும் லத்தீன் அவரைக் கைவிடவில்லை. ரேடியோ அவருக்குக் கோப்பை என்று பெயரிட்டதை அவர் கேட்டுவிட்டார், கோபித்துக்கொள்ளவில்லை.

அந்த மூன்று சொற்களைக் கேட்டதும் அவர் சிரித்தார். மூச்சு உள்ளவரை நம்பிக்கை உண்டு என்று பொருளாம். கடையிலேயே அதிகமாக விற்கிற சரக்கு அதுதானாம். ஒரு பள்ளிக்கூடத்தின் சட்டைப் பையில் இருக்கிறது. ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் கண்ணாடியில் இருக்கிறது. அமெரிக்காவில் ஒரு மாநிலமே அதைத் தன் முத்திரையில் வைத்திருக்கிறது. கையில் பச்சை குத்திக்கொள்கிறவர்கள் கடைக்கு வந்து எழுத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். பனியனில் அடிக்கிறார்கள், காப்பிக் கோப்பையில் அடிக்கிறார்கள்.

“மூச்சு விடற எல்லாருக்கும் பொருந்தும். அதான் நல்லா ஓடுது,” என்றார்.

“மூச்சு விடாதவங்க ஆர்டர் கொடுக்க வரவும் மாட்டாங்க,” என்றாள் ரேடியோ. சொன்ன பிறகுதான் எந்தக் கேஸுக்காக வந்திருக்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஒரு வெண்கலக் குதிரையைத் தூக்கி எடை பார்ப்பதுபோல் பாவனை செய்தாள்.

முதலில் சொன்னது யார் என்று இன்சூரன்ஸ் கேட்டார். கோப்பை தலையைச் சொறிந்தார். இதே மூன்று சொல்லாக யார் முதலில் சொன்னார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணம் பழையது. இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் ரோமாபுரியில் உள்நாட்டுப் போர் மூண்ட சமயம் ஒருவர் தன் நண்பருக்கு எழுதியதில் அது வருகிறது. நோயாளிக்கு மூச்சு இருக்கிறவரைக்கும் நம்பிக்கை இருக்கிறது என்று சொல்வார்களே, அதுபோல, என்று எழுதுகிறார்.

“சொல்வார்களேன்னு எழுதினா, அவருக்கு முன்னாடியே அது ஜனங்க வாயில இருந்திருக்கு,” என்றார் இன்சூரன்ஸ்.

“சரியாப் பிடிச்சீங்க. ஆனா அந்த வாக்கியம் அங்க முடியலை. அதுபோல, எங்க தலைவர் இந்த நாட்டுல இருந்தவரைக்கும் நானும் நம்பிக்கையை விடலைன்னு போகுது.”

“அப்ப எழுதற நேரத்துல?”

“எழுதற நேரத்துல நம்பிக்கை போயாச்சு. அந்த வாக்கியமே போன நம்பிக்கையைப் பத்தினதுதான். கேடயத்துல முன்பாதிக்குத்தான் இடம் இருக்கும். பின்பாதியையும் சேர்த்து வெட்டிக் கொடுங்கன்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை.” சற்று நிறுத்தினார். “இதையெல்லாம் ஒரு பொண்ணுகிட்டயும் சொன்னேன். என் கடைக்குப் போர்டு எழுத வந்தா. என் வாசகப் புஸ்தகத்தைப் புரட்டிப் புரட்டி இதை எடுத்தா. முன்பாதி போதும் சார், பின்பாதியை எழுதறதுக்கு வேற ஆளைப் பாத்துக்கங்கன்னா.”

அதுதான் அவள். அவளுடைய மூன்று சொற்கள் பிறந்த இடம் இந்தக் கடை. கோப்பை அவர்களை வெளியே கூட்டிப்போய், ஏணி வைத்தால்தான் எட்டும் உயரத்தில் இருந்த தன் பலகையைக் காட்டினார். ரோமாபுரிக்காரர்கள் கல்லில் எழுத்தை வெட்டுவதற்கு முன் அதைப் பிரஷ்ஷால் எழுதிக்கொண்டார்கள் என்று ஒரு கருத்து உண்டு. அதைச் சொன்னதும் அவள் முகம் அப்படி மலர்ந்ததாம். அப்படின்னா அவங்களும் நம்ம ஜாதிதான் என்றாளாம். பிறகு ஏணி உச்சியில் நின்று, ஓரத்து மூன்று சொற்களையும் சேர்த்து, ஒரே மூச்சில் எழுதினாளாம். கோடு போடவில்லை, அச்சு வைக்கவில்லை.

ரேடியோ ஏணி மேல் ஏறிப் பட்டர் பேப்பரை வைத்துப் பார்த்தாள். பொருந்தவில்லை. கோப்பையின் பலகையில் கடைசி எழுத்து கொஞ்சம் துள்ளிக்கொண்டிருந்தது. இறங்கி வரும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. ரேடியோவில் மின்சாரம் போனது இன்சூரன்ஸுக்குத் தெரிந்த வரையில் அதுதான் முதல் தடவை.

*

திரும்பி வரும் வழியில்தான் அவள் ஸ்கூட்டரை நிறுத்தினாள்.

“பாஸ், காலையில எக்ஸ்ரே வீட்டுப் பக்கத்துலேருந்து கிளம்பினோம். அஞ்சையும் பாத்தோம். இப்ப அதே வழியில எதிர்ப்பக்கமா வரோம். ஒண்ணுகூடக் கண்ணுல படலையே.”

இன்சூரன்ஸ் திரும்பிப் பார்த்தார். ஐந்து பலகைகளும் ஒரே திசையைப் பார்த்திருந்தன. எக்ஸ்ரேயின் வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகிறவன் கண்ணில் மட்டும் படும். திரும்பி வருகிறவனுக்கு முதுகு காட்டும்.

“ஊருக்கு எழுதலை,” என்றார். “ஒரே ஒருத்தன் படிக்கறதுக்கு எழுதியிருக்கு. அதுவும் அவன் காலையில வேலைக்குக் கிளம்பற நேரத்துல.”

“உயரத்தையும் பாருங்க. பக்கத்துலேயே நல்ல பெரிய போர்டெல்லாம் இருக்கு. எல்லாத்தையும் விட்டுட்டு இடுப்பு உயரத்துல இருக்கறதாப் பாத்து எழுதியிருக்காங்க. ஏணி மேலயே குடித்தனம் பண்ணின பொண்ணு எதுக்கு இப்படிக் குனிஞ்சு எழுதணும்?”

பேக்கரிப் பலகையின் முன்னால் இன்சூரன்ஸ் மறுபடி குந்தினார். கண்ணாடியைக் கழற்றி லென்ஸ் மாதிரி பிடித்து, பெயிண்ட் சரியாக மூடாத ஓர் எழுத்தின் விளிம்பைப் பார்த்தார். புள்ளிகள். வெளிர் நீலப் பொடியில், எறும்பு வரிசை போல. போர்டு எழுதுகிறவர்களுக்குள் அது பழக்கம்தான்: காகிதத்தில் எழுத்தின் ஓரம் நெடுகத் துளை போட்டு, பலகையில் வைத்துக் கரித்தூளைத் தட்டினால் புள்ளிப் புள்ளியாக அச்சு விழும். ஆனால் கையால் குத்துகிறவர்களின் துளை ஒரு இடத்தில் நெருங்கும், ஒரு இடத்தில் விலகும். இது அளந்து வைத்த இடைவெளி. பொடியும் கரி இல்லை.

“ரேடியோ, ஒரே இடைவெளியில ஊசி குத்திக்கிட்டே போற மெஷின் எது?”

அவள் தன் சட்டையின் கைமடிப்பைத் திருப்பி, அதிலிருந்த தையலையும் பலகையில் இருந்த புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். “நூல் கோக்காம ஓட்டியிருக்காங்க. துணியில பூ டிசைன் இறக்கறதுக்கு அப்படித்தான் காகிதத்துல துளை போடுவாங்க. இந்த நீலம் துணிக்குக் கோடு போடற சாக்கட்டி.” பிறகு மெதுவாகச் சொன்னாள். “எக்ஸ்ரே வீட்டுல யாரோ தைக்கறாங்கன்னு சொன்னாரே பாஸ்.”

சொல்லியிருந்தான். அவனுடைய மாமியார்.

*

அவன் டியூட்டியில் இருக்கும் நேரமாகப் பார்த்துப் போனார்கள். முன்னறை முழுவதும் வெட்டிய துணிகள். ஜன்னலோரம் காலால் மிதிக்கிற தையல் மெஷின். அந்த அம்மாள் குள்ளமாக இருந்தார். கழுத்தில் அளவு நாடா. இன்சூரன்ஸ் தன் பெயரைச் சொன்னதும், மாப்பிள்ளை உங்களைப் பத்திச் சொன்னார் என்று நாற்காலியிலிருந்த துணிகளை எடுத்து இடம் கொடுத்தார். ஏதாவது தெரிந்ததா என்று கேட்டார். கேட்டபோது கண்கள் அவர் முகத்தில் இல்லை, அவர் கையிலிருந்த பட்டர் பேப்பரில் இருந்தன.

மெஷினின் மர மூடி சுவரோரம் சாய்த்து வைத்திருந்தது. அதன் மேல் மகள் எழுதிக் கொடுத்த எழுத்து: அம்மா தையலகம். ஓரத்தில் மூன்று சொற்கள். அவற்றைச் சுற்றி மட்டும் வார்னிஷ் மங்கி, பென்சில் அழுத்திய தடம் இருந்தது. இன்சூரன்ஸ் பேப்பரை அதன் மேல் வைத்தார். பொருந்தியது.

அந்த அம்மாள் கத்தரிக்கோலை எடுத்து, வெட்ட எதுவும் இல்லாமல், திரும்பக் கீழே வைத்தார்.

பிறகு சொன்னதெல்லாம் அடங்கிய குரலில் சொன்னதுதான். லாஞ்சு கவிழ்ந்த பிறகு மாப்பிள்ளை தினமும் வேலை முடிந்ததும் படித்துறைக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். யாரோடும் பேச்சில்லை. ஒருநாள் அந்த அம்மாள் சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனார். மாப்பிள்ளை செருப்பைக் கழற்றினார். பையை அதன் மேல் ஒழுங்காக வைத்தார். கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டார். படியிறங்கித் தண்ணீருக்குள் போனார், மேலே இருந்து இவர் கூப்பிடும் வரைக்கும்.

“கடிகாரத்தைக் கழட்டினாரு பாருங்க தம்பி. அதுல ஈரம் பட்டுடக் கூடாதுன்னு நினைச்சிருக்காரு. அவர் மேல படறதைப் பத்தி நினைக்கலை.” அளவு நாடாவை விரலில் சுற்றினார். “பெத்த பொண்ணைத்தான் தண்ணி கொண்டுபோச்சு. இவரையும் கொடுக்கச் சொன்னா நான் எங்க போவேன்?”

அதனால்தான். மகள் வைத்துவிட்டுப் போன பெயிண்ட்டும் பிரஷ்ஷும் வீட்டில் இருந்தன. எழுதத் தெரியாது; துளை போடத் தெரியும். மத்தியானம் கடைக்காரர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில், துணி டெலிவரி கொடுக்கப் போகிற மாதிரி பையை எடுத்துக்கொண்டு போவார்.

“மூச்சு இருக்கறவரைக்கும் நம்பிக்கைன்னு என் பொண்ணு அர்த்தம் சொன்னா. நான் படிக்காதவ, எனக்கு அது தலைகீழாத்தான் தெரியுது. நம்பிக்கை இருக்கறவரைக்கும்தான் அவருக்கு மூச்சு.”

அம்மா, நீங்க என்ன நம்பறீங்க என்று ரேடியோ கேட்டாள்.

“அவ போனது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. வயிறு சொல்லிடுச்சு.” முகத்தில் ஒரு துளி ஈரம் இல்லை. “அழலை நான். அழுதா அவருக்குத் தெரிஞ்சுடும்.”

வாசல் வரை வந்தவர் இன்சூரன்ஸின் கையைப் பிடித்துக்கொண்டார். கேட்டது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளையிடம் சொல்லக் கூடாது. கிடைக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறோம் என்று சொல்ல வேண்டும்.

*

மருத்துவமனைக்குப் போகும் வழி முழுக்க இருவருக்கும் வாக்குவாதம். ரேடியோவுக்கு அந்த அம்மாளின் கட்சிதான். உண்மையைச் சொல்லி ஒருவனைப் படித்துறைக்கு அனுப்புவதைவிடப் பொய்யைச் சொல்லி எக்ஸ்ரே அறைக்கு அனுப்பலாம் என்றாள். இன்சூரன்ஸுக்கு மனம் ஒப்பவில்லை. இல்லாத மனைவியை ஒருவன் காலம் முழுக்கப் பலகை பலகையாகத் தேடுவதா? ஒருநாள் புள்ளிகளை அவனே பார்ப்பான். அன்று அவனைக் கூப்பிட மேல்படியில் யாரும் நிற்க மாட்டார்கள். நம்பி வந்தவனிடம் பொய் சொன்னதில்லை என்பது அவருடைய தொழிலில் மிச்சமிருந்த ஒரே கௌரவம். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் படியேறினார்.

அவன் ஒரு முதியவரை இயந்திரத்தின் முன்னால் நிறுத்தி, தோளைப் பிடித்துச் சரிசெய்துகொண்டிருந்தான். “மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அப்படியே இருங்க. இப்ப விடுங்க.” நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் மூச்சை வாங்கி வைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் அவன் வேலை. முதியவர் போனதும் இவர்களை உள்ளே அழைத்துக் கதவைச் சாத்தினான்.

இன்சூரன்ஸ் பட்டர் பேப்பரை எடுத்தார். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் அதை, படங்களை மாட்டிப் பார்க்கும் வெளிச்சப் பெட்டியின் மேல், யாருடைய நெஞ்செலும்போ தொங்கிக்கொண்டிருந்த இடத்தின் பக்கத்தில் வைத்தார்.

அவன் அதைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

“அத்தையைப் பாத்துட்டீங்களா சார்?”

ரேடியோ சட்டென்று நிமிர்ந்தாள்.

“புள்ளி பாக்கறதுதான் சார் என் பொழப்பு. முதல் பலகையிலேயே பாத்துட்டேன். அவ அச்சு வெச்சு எழுதமாட்டா. மெஷின் துளை, சாக்கட்டி. வேற யாரு.”

“தெரிஞ்சுமா எங்ககிட்ட வந்தீங்க?” என்றார் இன்சூரன்ஸ்.

அவன் கொஞ்ச நேரம் கையுறையைக் கழற்றுவதில் இருந்தான். பிறகு அதே சீட்டுப் படிக்கிற குரலில் சொன்னான். அவள் போனதிலிருந்து வீட்டில் மெஷின் ஓடவில்லை. அத்தை அதன் முன்னால் உட்கார்ந்து மிதிக்காமல் சக்கரத்தை மட்டும் தொட்டுக்கொண்டிருப்பார்கள். சோறு வைத்தால் வைத்தபடி இருக்கும். ஒருநாள் வேலையிலிருந்து வந்தபோது மெஷின் சத்தம் கேட்டது. இரண்டு நாள் கழித்து முதல் பலகை. வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லாமல் இருந்தான். அத்தை அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார்கள். இரண்டாவது பலகையைப் பார்த்தபோது, அத்தை, அவ கையெழுத்தைப் பாத்தேன் என்று சொல்லிப் பார்த்தான். அன்று இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள்.

“நான் நம்பறேன்னு அவங்க நம்பணும். நம்பறவன் தேடாம சும்மா இருப்பானா? அதான் துப்பறியறவங்ககிட்ட வந்தேன். நீங்க நல்லாத் தேடணும்னு இல்லை. தேடினா போதும்.” அவர் கண்களை அவன் இப்போதுதான் சந்தித்தான். “கிடைக்கலைன்னு அத்தைகிட்ட சொல்லிடுங்க சார். தேடிட்டிருக்கோம்னு.”

ஒரே நாளில் இரண்டு பேர் அவரிடம் ஒரே பொய்யைக் கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் ஒரே வீட்டில், ஒரே சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் படுக்கிறவர்கள். எத்தனையோ போலி மரணங்களைக் கையும் களவுமாகப் பிடித்தவர் இன்சூரன்ஸ். இப்படி ஒரு போலி உயிர் அவர் அனுபவத்தில் இல்லை. அதை இரண்டு பக்கமும் இரண்டு பேர் தாங்கிப் பிடித்திருந்தார்கள். யார் கையை எடுத்தாலும் மற்றவர் மேல் விழும்.

அந்த அம்மாளுக்கும் தெரியும் என்று இவனிடம் சொல்லலாமா? சொன்னால் இன்று மாலையே இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் அதைப் பார்த்துவிடுவார்கள். பிறகு மெஷின் ஓடுமா? படித்துறையில் செருப்பு இருக்குமா? அவருக்குத் தெரியவில்லை. தெரியாததைச் செய்யாமல் இருக்கிற அளவுக்கு அவருக்கு வயதாகியிருந்தது.

“வீட்டுல எப்படி இருக்கீங்க?” என்று மட்டும் கேட்டார்.

“நல்லாத்தான் சார்.” அவன் வெளிச்சப் பெட்டியில் தெரிந்த யாரோ ஒருவரின் நெஞ்சைப் பார்த்தபடி சொன்னான். “ஒண்ணுதான் முடியலை. அழ முடியலை. உயிரோட இருக்கறவளுக்கு எப்படி சார் அழறது? அவ துணியெல்லாம் அத்தை துவைச்சு மடிச்சு வெக்கறாங்க. இன்னிக்கு வந்தா கட்டிக்கணும்ல. நானும் ஆமா அத்தைங்கறேன்.”

இன்சூரன்ஸ் பேப்பரை எடுத்து நான்காக மடித்தார். “கேஸை மூட மாட்டேன்,” என்றார். “வாரம் ஒரு தடவை ஆபீஸுக்கு வாங்க. விசாரணை எதுவரைக்கும் வந்திருக்குன்னு கேக்கப் போறேன்னு அத்தைகிட்ட சொல்லிட்டு வாங்க. அங்க உங்க சம்சாரம் உயிரோட இருக்க வேண்டாம்.”

அவன் புரியாமல் பார்த்தான்.

“எங்க ஆபீஸ்ல அவங்க இல்லை தம்பி. லாஞ்சுல போனாங்க, வரலை. அதுக்கு நீங்க என்ன பண்ணணுமோ அதைப் பண்ணுங்க. நாங்க ரெண்டு பேரும் இருப்போம்.”

அவன் தலையாட்டினான். நன்றி சார், அடுத்த வாரம் வரேன் என்று சொல்ல வாயைத் திறந்திருக்க வேண்டும். வந்தது வேறு. நோயாளிகள் படுக்கிற மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தான். “அவளுக்கு நீச்சல் தெரியும் சார்,” என்றான். “என்னைவிட நல்லாத் தெரியும்.” நெஞ்சு ஏறியது. ஏறியபடி நின்றது. அதற்கு மேல் அவனால் பிடித்து வைக்க முடியவில்லை.

இன்சூரன்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து அவன் முதுகில் கை வைத்தார்.

படம் எடுக்கும்போது யாரும் உள்ளே வராமலிருக்க அறைக்கு வெளியே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அதன் சுவிட்ச் கதவோரம் இருந்தது. ரேடியோ அதைப் போட்டுவிட்டு வெளியே போய்க் கதவை இழுத்துச் சாத்தி, அதன் மேல் முதுகைச் சாய்த்து நின்றாள். பெஞ்சில், கட்டுப் போட்ட கையைக் கழுத்திலிருந்து தொங்கவிட்டுக்கொண்டு காத்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து, இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்மா என்று கேட்டாள்.

“படம் எடுத்துட்டிருக்காங்கக்கா,” என்றாள் ரேடியோ. “கொஞ்சம் நேரம் ஆகும். நீங்க உக்காருங்க.”